‘பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?’

கோவையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை எஸ். என்றே குறிப்பிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எஸ்.-க்கு 29 வயது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தின் ஒரே மகள், கோவையில் ஐடி வேலை. நாலு வருடமாக சரவணம்பட்டியில் ஜே. என்ற பெண்ணோடு ஒரே வீட்டில் வாழ்கிறார். ஜே. பிசியோதெரபிஸ்ட், எஸ்.-ஐவிட இரண்டு வயது மூத்தவர், நாகர்கோவிலில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தெருவுக்கும் வீட்டு ஓனருக்கும் இருவரும் ‘ஃப்ரெண்ட்ஸ்’. தங்களுக்குள் அவர்கள் வாழ்க்கை இணையர்.

போன ஐப்பசி மழையில் ஜே.-யின் ஸ்கூட்டர் வழுக்கி, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இரவு பத்தரைக்கு ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷனுக்கான படிவத்தை நீட்டியவர், “பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்று கேட்டார். “ஃப்ரெண்ட்” என்றார் எஸ். “அப்ப சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடட்டும்” என்று படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நாகர்கோவிலிலிருந்து அண்ணன் பஸ் பிடித்து வந்து சேர விடிந்துவிட்டது. அதுவரை ஜே. வலியில் கிடந்தார். எஸ். வராந்தாவில் ஜே.-யின் செருப்பையும் கைக்கடிகாரத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் அதற்குப் பிறகு முடிவெடுத்தார்கள். ஆனால் பொள்ளாச்சியில் ஜாதகம் பொருந்தி, உடுமலைப்பேட்டை மாப்பிள்ளைக்குத் தையில் நிச்சயம் என்று பேசிவிட்டார்கள். எஸ். போனில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். அம்மா அழுதுவிட்டு, “டாக்டர்கிட்ட கேட்டுட்டேன் கண்ணு, ஊசி போட்டா சரியாயிடுமாம்” என்றார். அந்தப் பெண் மீது கடத்தல் புகார் கொடுப்பேன் என்கிறார் அப்பா.

எஸ். கேட்பவை இவை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்புக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யலாமா? முடியாதென்றால் தாய்லாந்துக்குப் போய்ப் பதிவு செய்தால் இங்கே செல்லுமா? போலீஸ் வந்தால் என்ன செய்வது? இது நோயா? எங்கள் சாமிகள் எங்களை ஏற்றுக்கொள்வார்களா? அப்பா அம்மாவுக்காக அந்த மாப்பிள்ளைக்குச் சம்மதித்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமா?

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், நாள் குறைவாக இருப்பது அதற்குத்தான். சம்மதிக்காதீர்கள். இருபது வருடங்களாகக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். பெற்றோரைச் சமாதானப்படுத்த நடந்த இப்படியான கல்யாணங்கள் சில என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர் நொந்திருந்தார்கள். மூன்றாமவர், ஒன்றும் அறியாமல் மணமேடையில் உட்கார்ந்தவர். 2023இல் மம்மூட்டி நடித்து வந்த ‘காதல் – தி கோர்’ மலையாளப் படத்தில் விவாகரத்து கேட்டு நீதிமன்றத்துக்குப் போவது மனைவிதான். தன்பாலீர்ப்பை மறைத்து நடந்த கல்யாணத்தில் தன் இளமை முழுவதையும் தொலைத்த பெண் அவர். உடுமலைப்பேட்டைக்காரரை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

சட்டப்படியும் சிக்கல் உண்டு. முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கினார்கள் என்று சொல்லி, இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவின்படி கல்யாணத்தை ரத்து செய்யக் கேட்டு அவர் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் உங்கள் வாழ்க்கையைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். இன்றைக்கு வீட்டுக்குள் இருக்கும் பேச்சு அன்றைக்கு ஊருக்கே தெரிந்துவிடும்.

377 தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. படித்தவர்கள் பலர், “அதான் சுப்ரீம் கோர்ட் அனுமதி கொடுத்துவிட்டதே” என்கிறார்கள். 2018 செப்டம்பர் 6 அன்று வந்த நவ்தேஜ் சிங் ஜோஹர் தீர்ப்பு, வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது குற்றம் அல்ல என்றது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 377ஆம் பிரிவே கிடையாது. ஆக, நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வதைக் குற்றம் என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் குற்றம் இல்லை என்பது வேறு, திருமணம் என்று அரசு பதிவு செய்வது வேறு.

அந்த இரண்டாவது விஷயம் 2023இல் அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. சுப்ரியோ வழக்கில் அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தரும் அடிப்படை உரிமை அல்ல, 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றம் மாற்றி எழுத முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். திருமணம் என்ற பெயர் இல்லாவிட்டாலும் இணையராகச் சட்ட அங்கீகாரம் கேட்க உரிமை உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் எழுதினார்கள். மற்ற மூவர் அதை ஏற்கவில்லை. மூன்றுக்கு இரண்டு. மறுசீராய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடி ஆகிவிட்டன. அந்தத் தீர்ப்பு வந்த நாளில் எனக்குத் தொண்டை அடைத்தது. அதற்காக உங்களிடம் வேறு மாதிரிச் சொல்ல முடியாது. இன்றைய தேதியில் இந்தியாவில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகமும் உங்கள் இருவருக்கும் திருமணச் சான்றிதழ் தராது.

தூத்துக்குடித் தம்பதி ஒன்றுக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திருமணத்தைப் பதிவு செய்து தரச் சொன்னதே என்று எழுதியிருக்கிறீர்கள். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அது, உண்மைதான். ஆனால் அங்கே மணமகள் திருநங்கை, மணமகன் ஆண். ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலை அதுவல்ல. இன்னொன்றும் இருக்கிறது. ஜே. கிறித்தவர். இந்து திருமணச் சட்டத்துக்கு இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். ஜே. ஒரு ஆணாகவே இருந்திருந்தாலும் கோயில் கல்யாணத்தை அந்தச் சட்டத்தில் பதிய முடியாது, சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இதனால் தாலி கட்டக்கூடாது, மாலை மாற்றக்கூடாது என்று அர்த்தமில்லை. உங்களுக்குப் பிடித்தவர்கள் நாலு பேரை வைத்து எந்தச் சடங்கு செய்தாலும் அது குற்றமாகாது. சட்டப் பலன் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் ஊர் வரலாறு ஒன்று ஞாபகம் வருகிறது. புரோகிதர் இல்லாமல், தீ வளர்க்காமல், மாலை மட்டும் மாற்றிக்கொண்டு 1920களின் கடைசியிலிருந்து நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு இங்கே வெகுகாலம் சட்ட அங்கீகாரம் கிடையாது. 1950களில் சென்னை உயர் நீதிமன்றமே அவை செல்லாது என்றது. சொத்து வழக்குகளில் அந்தப் பெண்களை மனைவி இல்லை என்றார்கள், பிள்ளைகளை வாரிசு இல்லை என்றார்கள். அப்படியும் மக்கள் அந்தத் திருமணங்களைச் செய்துகொண்டே இருந்தார்கள். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு சேர்ந்தது. அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. 7ஏ பிரிவும் கணவன், மனைவி என்றுதான் பேசுகிறது, உங்களுக்கு உதவாது. ஆனாலும் உங்கள் அப்பா கல்யாணமே அப்படித்தான் நடந்தது என்று எழுதியிருந்தீர்களே. சட்டம் ஒத்துக்கொள்ளாத கல்யாணத்தை நம் தாத்தா காலத்தில் எத்தனை பேர் கௌரவமாக வாழ்ந்து காட்டினார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாய்லாந்து யோசனை

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் ஒருபாலினத் திருமணம் சட்டப்படி செல்லும். தைவானில் 2019 முதல் உண்டு. நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. 2001இல் நெதர்லாந்து தொடங்கிவைத்து, இன்றைக்கு 35க்கும் மேற்பட்ட நாடுகளில் இது சட்டம். பேங்காக் சான்றிதழோடு திரும்பி வந்தால் கோவையில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வெளிநாட்டில் மணக்கும் இந்தியர்களுக்கான 1969ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சுப்ரியோ வழக்கில் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. வங்கி, வாரிசுரிமை, பி.எஃப். எதிலும் நீங்கள் இருவரும் மணமாகாதவர்கள்தான்.

அந்தச் சான்றிதழ் பயன்படுவது ஒரே சூழ்நிலையில். இருவரும் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாட்டுக்குக் குடிபெயர்வதாக இருந்தால், ஒருவர் விசாவில் மற்றவர் வாழ்க்கைத்துணையாகப் போக அது உதவும். உங்கள் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு நிஜமாகவே இருந்தால் யோசியுங்கள். ஆனால் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒருவேளை பிரிய நேர்ந்தால், இந்திய நீதிமன்றத்தில் அந்தத் திருமணத்துக்கு விவாகரத்து கேட்க முடியாது. அந்த நாட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்றால், குடியிருந்தால்தான் விவாகரத்து என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. இங்கே கல்யாணம் ஆகாதவர், அங்கே கல்யாணம் முறியாதவர் என்று மாட்டிக்கொள்ள வேண்டாம்.

போலீஸ் வந்தால்

உங்கள் பயத்தில் பாதி இதுதான் என்று கையெழுத்தே சொல்கிறது. ‘போலீஸ்’ என்று வரும் இடமெல்லாம் பேனா அழுந்தியிருக்கிறது. 29 வயதுப் பெண்ணை இன்னொரு பெண் ‘கடத்திவிட்டார்’ என்ற புகார், நீங்களே நேரில் ‘என் விருப்பப்படி இருக்கிறேன்’ என்று சொன்ன நிமிடத்தில் நிற்காது.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு நல்ல தீர்ப்பு இருக்கிறது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். காணாமல் போனதாகப் புகார் வந்து, விசாரணையில் அவர்கள் மனமொத்த, வயது வந்த பால்புதுமையர் (தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர் உள்ளிட்டோர்) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அடுத்த ஆண்டு தமிழக அரசு காவலர் நடத்தை விதிகளிலேயே இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தது. ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். வக்கீலோடு போங்கள், அந்த உத்தரவின் நகல் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வரச் சொல்லி அடைத்துவைத்தால்? ஜே. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ‘நீ யார் இவளுக்கு?’ என்று கேட்டுத் தள்ளிவிட முடியாது. 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் பிடித்துவைத்தபோது அவருடைய இணை போட்ட மனுவில், 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை விடுவித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்பதும் சட்டத்துக்குத் தெரிந்த ஒன்றுதான் என்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் அதில் எழுதினார்கள். அலட்சியமாக நடந்த போலீசையும் கண்டித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளில் அந்தப் பெண்ணின் மனதை மாற்றும் நோக்கத்தில் நீதிபதிகள் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

வீட்டில் அடி விழுந்தாலோ போனைப் பிடுங்கி வைத்தாலோ, 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மகளும் அதில் பாதுகாப்பு கேட்கலாம். உடனடி உதவிக்கு பெண்கள் உதவி எண் 181. வக்கீல் கட்டணம் பிரச்சினை என்றால் சட்ட உதவி எண் 15100க்குப் பேசுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஊசி

நான் மருத்துவர் இல்லை. ஆனால் மருத்துவ உலகம் இதில் எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் எடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோய் அல்ல என்று அறிவித்தது. ஏன் சிலருக்கு இப்படி என்றால், 2019இல் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேரின் மரபணுவை ஆராய்ந்து பார்த்தார்கள். இதற்கென்று ஒரு தனி மரபணு கிடைக்கவில்லை, சிறுசிறு பங்களிப்பு செய்யும் பல மரபணுக்கள் இருக்கின்றன, அவற்றை வைத்து யாரையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ‘நான் வளர்த்தது தப்பா?’ என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை. அதை அவருக்கு நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும், சலிக்காமல் சொல்லுங்கள்.

மாற்றுகிறேன் என்று ஊசி போடும் மருத்துவரைப் பற்றி எனக்குக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ‘சிகிச்சை’ தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. அவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். உங்கள் சம்மதமில்லாமல் ஊசி போட்டால் அது குற்றமும்கூட.

இதில் உடனே செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த யாரும் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. ஜே.-யை நியமித்து இன்றைக்கே எழுதுங்கள். உங்களை வீட்டார் மனநல மருத்துவமனையில் சேர்க்கப் பார்த்தால், உங்கள் சார்பில் பேசும் உரிமை அவருக்குத்தான் முதலில் வரும்.

அந்தப் படிவமும் மற்ற காகிதங்களும்

அந்த இரவுக்கு வருகிறேன். கல்யாணம் ஆகியிருந்தால் ஜே.-யை அப்படிக் காக்கவைத்திருக்க மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஜே. சுயநினைவோடுதான் இருந்தார் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் அண்ணனும் இல்லை, நீங்களும் இல்லை. ஜே.தான்.

2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்காக அவருடைய அம்மாவிடம் வாங்கிய சம்மதம்கூடச் செல்லாது என்றது. வயது வந்தவர் உடம்புக்கு அவரே சம்மதம் தர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் யார் கையெழுத்தும் இல்லாமலே மருத்துவர் சிகிச்சை செய்யலாம். சொந்தக்காரர் வேண்டும் என்று மருத்துவமனைகள் பிடிவாதம் பிடிப்பது பெரும்பாலும் பில்லுக்கும் பின்னால் வரும் தகராறுக்கும் பயந்துதான். அடுத்த முறை, “அவங்களே கையெழுத்துப் போடுவாங்க, பணத்துக்கு நான் பொறுப்பு” என்று எழுதிக் கொடுங்கள்.

நினைவு தப்பிய நிலைக்காக, இருவரும் ஆளுக்கொரு முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதி வையுங்கள். மீள வழியில்லாத கட்டத்தில் உயிர்காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதில் உங்கள் சார்பில் யார் பேசலாம் என்று அதில் பெயர் குறிக்கலாம். 2023இல் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கிய பிறகு, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடம் சான்று வாங்கினால் போதும். மற்ற நேரங்களுக்கு, ‘அவசரத்தில் இவரைக் கூப்பிடுங்கள், என் விவரங்களை இவரிடம் சொல்லலாம்’ என்று ஒரு கடிதம் இருவர் பர்ஸிலும் இருக்கட்டும். சட்டப்படி அது முழுக் கவசம் இல்லை. ஆனாலும் வரவேற்பு மேசையில் அது வேலை செய்யும்.

அப்புறம் பணம். 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், பால்புதுமையர் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் இணையரை நாமினியாகக் குறிக்கவும் தடை ஏதுமில்லை என்று தெளிவுபடுத்தியது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதவும் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. வங்கியில் தயங்கினால் அந்த அறிவிப்பைக் காட்டுங்கள்.

நாமினி போட்டுவிட்டால் எல்லாம் அவருக்கே வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், வாரிசு அல்ல. உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் உங்கள் சொத்து அப்பா அம்மாவுக்குப் போகும். ஜே.-க்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதன்படி அவருடைய அப்பா இருக்கும்வரை எல்லாம் அப்பாவுக்கே. நாலு வருடமாக இருவரும் சேர்ந்து வாங்கிய ஃபிரிட்ஜிலிருந்து, அடுத்த ஆண்டு வாங்கப் போகும் ஃபிளாட் வரை இதுதான் கதி. ஃபிளாட்டை இருவர் பெயரிலும், யாருக்கு எவ்வளவு பங்கு என்று குறித்தே பத்திரம் போடுங்கள்.

பி.எஃப்.-இல் இன்னும் கவனம் தேவை. உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் அந்தத் திட்டத்தின் கணக்கில் ‘குடும்பம்’. அப்படிக் குடும்பம் இருப்பவர் வெளியாளை நாமினியாகப் போட்டால் அது செல்லாது. எனவே பி.எஃப். பெற்றோருக்குப் போகட்டும், மற்ற சேமிப்பை உயில் வழியாக ஜே.-க்கு எழுதுங்கள். ஒரே மகளான உங்களுக்கு இது நியாயமான பங்கீடாகவும் இருக்கும்.

இருவரும் ஒருவரை ஒருவர் குடும்பமாக ஏற்கிறோம் என்று ஒரு ஒப்பந்தப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வழி வேண்டும் என்ற யோசனையை 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமிழக அரசின் முன் வைத்தார். அப்படி ஒன்று சட்டமாக வந்தால் முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். அதுவரை வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

சாமிகள்

இந்தக் கேள்விக்கு வக்கீல் பதில் சொல்லலாமா என்று தயங்கினேன். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உங்கள் பக்கம், எது ஏற்பு எது விலக்கு என்று எல்லோருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஒரே பீடம் கிடையாது. மறுக்கும் மடாதிபதிகளும் உண்டு, முன்நின்று நடத்திவைத்த புரோகிதர்களும் உண்டு. ஜே. பக்கம் திருச்சபைக்கு ஒரு தலைமை இருக்கிறது, அதனால் அங்கே பதில் தெளிவு. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும்தான் என்ற போதனை மாறவில்லை, ஆலயத்தில் உங்கள் திருமணம் நடக்காது. ஆனால் 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸ் ஒப்புதலோடு வந்த வத்திக்கான் அறிக்கை, ஒருபாலின இணையருக்குத் திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் குருக்கள் ஆசீர்வாதம் தரலாம் என்றது. தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் நடத்த வேண்டும் என்பது மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. அக்காலத்தில் பங்குத்தந்தை ஒருவர் சொன்ன வார்த்தைக்காக ஜே. பத்து வருடமாகக் கோயிலுக்கே போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னதுதான் முழுப் போதனை என்று ஜே. நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்த மாதம்

பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அசல் சான்றிதழ்கள் பொள்ளாச்சி வீட்டு பீரோவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், பாஸ்போர்ட்டும் அங்கேதான். அடுத்த பேச்சுக்கு முன்னால் அவை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். பகலில் போங்கள், நம்பிக்கையான ஒருவரோடு போங்கள், அன்றே திரும்புங்கள். எப்போது திரும்புவீர்கள் என்பது ஜே.-க்கும் இன்னொரு நண்பருக்கும் தெரிந்திருக்கட்டும். நிச்சயத்தை நிறுத்தச் சொல்லி அப்பாவுக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள், கோபமில்லாமல் இரண்டே வரியில். பின்னால் ஏதாவது நடந்தால் அது ஆதாரம். சென்னையில் ஓரினம் என்ற அமைப்பு இருக்கிறது. இதே இடத்தைக் கடந்து வந்த மற்றவர்களின், அவர்களுடைய பெற்றோரின் தமிழ் எழுத்துகள் அவர்களிடம் கிடைக்கும். அம்மாவுக்கு அனுப்பலாம்.

அம்மாவிடம் பேசும்போது தீர்ப்புகளை அடுக்காதீர்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவை அவர் இன்னும் கேள்விப்படவில்லை என்று நினைக்கிறேன். அதைச் சொல்லுங்கள்.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்து பெறுபவர் சாட்சியாக இருக்க வேண்டாம். ஒருவர் உங்கள் வயதுக்காரராக இருந்தால் நல்லது. இன்னொருவராக, ஜே. கட்டோடு வீடு திரும்பிய பிறகு ஒன்றரை மாதம் தினமும் இட்லி கொண்டுவந்து கொடுத்த ஓனரம்மாவைக் கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கேளுங்கள். அவர் உயிலைப் படிக்க வேண்டியதில்லை. நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, உங்கள் முன்னால் அவரும் போட்டால் போதும். படித்தாலும் அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.